கால் ரெக்கார்டிங் செயலி மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யலாம்

"ரெக்கார்டு ஆகுது, ஆனா ஒண்ணுமே கேக்கல" என்ற புகாரோடுதான் பெரும்பாலான போன்கள் என்னிடம் வருகின்றன. கொண்டுவருகிறவர் அதற்குள் நாலைந்து இலவசச் செயலிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருப்பார். அவற்றில் இரண்டாவது நீக்கப்படாமல் இன்னும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். பழைய கோளாறோடு புதிய கோளாறும் சேர்ந்துகொள்வது அப்படித்தான்.

செயலியை மாற்றினால் சரியாகும் கோளாறுகள் குறைவு. கால் ரெக்கார்டிங்கை ஆண்ட்ராய்டு படிப்படியாகவே அடைத்துவந்திருக்கிறது: 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-ல் ஒரு வழி, 2018-ல் ஆண்ட்ராய்டு 9-ல் இன்னொன்று, 2019-ல் ஆண்ட்ராய்டு 10-ல் மற்றொன்று. அக்செசிபிலிட்டி (மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி வசதி) என்ற பக்கவாட்டு வழியில் கால் ரெக்கார்டு செய்யும் செயலிகளுக்குப் பிளே ஸ்டோரில் இடமில்லை என்று 2022 மே 11 முதல் கூகுள் விதியும் போட்டுவிட்டது. எனவே எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டுக் கையை வைத்தால் பாதி நேரம் மிச்சம்.

## எதையும் தொடும் முன் ஒரு சோதனை அழைப்பு

முதலில், போனில் ஏற்கெனவே உள்ள டயலரிலேயே (எண்ணை அழுத்தி அழைக்கும் செயலி) ரெக்கார்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். டயலரின் மூன்று புள்ளி மெனுவில் செட்டிங்ஸ் போய், 'ரெக்கார்டு கால்ஸ்' அல்லது 'கால் ரெக்கார்டிங்' என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சாம்சங், ஷியோமி, கூகுள் டயலர் உள்ள பல போன்கள் என்று நிறையவற்றில் உண்டு. நாட்டையும் மாடலையும் பொறுத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு பக்கக் குரலையும் நேரடியாக எடுக்கும் உரிமை போனோடு வரும் டயலருக்கு உண்டு. வெளியிலிருந்து போடும் இலவசச் செயலிக்கு அது கிடையாது. இந்த ஒரு வரியோடு பலருக்கு வேலை முடிந்துவிடும்.

இல்லையென்றால் சோதனை அழைப்புக்கு வருவோம். ஒரு ரெக்கார்டிங் செயலியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நீக்குங்கள்; அவற்றில் வேண்டிய பதிவுகள் இருந்தால் முதலில் வெளியே அனுப்பிவிடுங்கள் (எப்படி என்று கடைசிப் பகுதியில் இருக்கிறது). புளூடூத்தை அணைத்து, இயர்போனைக் கழற்றுங்கள். தெரிந்தவர் ஒருவரை அழைத்து, நீங்கள் 1 முதல் 10 வரை எண்ணுங்கள். பிறகு அவர் 11 முதல் 20 வரை எண்ணட்டும். அடுத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, அவரை இன்னொரு முறை 21 முதல் 30 வரை எண்ணச் சொல்லுங்கள். அழைப்பை முடித்துவிட்டுப் பதிவைக் கேளுங்கள்.

எதுவும் கேட்கவில்லை என்றால் அடுத்த தலைப்பு. உங்கள் எண்கள் மட்டும் கேட்டாலும், அவருடையதில் ஸ்பீக்கர் போட்ட பகுதி மட்டும் கேட்டாலும் அதற்கு அடுத்தது. கோப்பே உருவாகவில்லை என்றால் மூன்றாவது. எல்லாம் கேட்கிறது, ஆனால் கேட்கச் சகிக்கவில்லை என்றால் 'கீச்சுக்குரல்' பகுதிக்குப் போங்கள்.

## கோப்பு இருக்கிறது, நீளமும் சரி, முழுக்க மௌனம்

மைக் பொத்தான். ஆண்ட்ராய்டு 12 முதல், திரையை மேலிருந்து இழுத்தால் வரும் விரைவுப் பொத்தான்களில் 'மைக் அக்செஸ்' என்று ஒன்றைச் சேர்க்க முடிகிறது. அது அணைந்திருந்தால் எந்தச் செயலிக்கும் ஒலி போகாது. தெரியாமல் விரல் பட்டு அணைந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மைக்ரோஃபோன் அனுமதி. செட்டிங்ஸில் ஆப்ஸ், அந்தச் செயலி, பெர்மிஷன்ஸ், மைக்ரோஃபோன் என்று போய்ப் பாருங்கள். 'ஒவ்வொரு முறையும் கேள்' என்று இருந்தாலும் வேலைக்கு ஆகாது. 'செயலி பயன்பாட்டில் இருக்கும்போது' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பல மாதங்கள் திறக்காத செயலியின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானாகவே பறித்துக்கொள்ளும். அதே பக்கத்தின் அடியில் உள்ள 'பயன்படுத்தாத செயலியை நிறுத்து' என்பதை அணைத்துவிடுங்கள்.

அக்செசிபிலிட்டி சர்வீஸ். மௌனக் கோப்புக்கு முக்கியக் காரணம் இதுதான். ஆண்ட்ராய்டு 10 முதல், கால் நடக்கும்போது சாதாரணச் செயலி மைக்கைத் திறந்தால் போன் மறுப்பதில்லை. ஒலிக்குப் பதிலாக வெறும் மௌனத்தைக் கொடுத்துவிடும். அதனால்தான் செயலி 'ரெக்கார்டிங்' என்று சிவப்புப் புள்ளியைக் காட்டிக்கொண்டே இருக்கும், கோப்பும் வளரும், உள்ளே ஒன்றும் இருக்காது. செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி, 'இன்ஸ்டால் செய்த செயலிகள்' என்று போய் உங்கள் செயலியை ஆன் செய்யுங்கள். பட்டியலில் உங்கள் செயலியே இல்லையா? அப்படியானால் நீங்கள் போட்டது பிளே ஸ்டோர் பதிப்பு. அந்தப் பதிப்பிலிருந்து இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். சில செயலிகளுக்குத் துணைச் செயலி ஒன்று அவர்களுடைய தளத்தில் தனியாகக் கிடைக்கும். அதைப் பற்றி 'சாம்பல் நிறத்தில் சுவிட்ச்' பகுதியில் சொல்கிறேன்.

ஆன் செய்திருந்தும் மௌனமா? ஒருமுறை ஆஃப் செய்து, போனை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஆன் செய்யுங்கள். செயலி அப்டேட் ஆனதும் சுவிட்ச் ஆன் என்று காட்டும், உள்ளே சர்வீஸ் செத்திருக்கும். இது அடிக்கடி நடப்பது.

மைக்கே பழுதா? இதைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். போனோடு வந்த வாய்ஸ் ரெக்கார்டரில் பத்து விநாடி பேசிப் பதிவுசெய்யுங்கள். பிறகு கேமராவில் ஒரு சிறு வீடியோ எடுத்துக் கேளுங்கள். பெரும்பாலான போன்களில் அடிப்பக்கம் ஒரு மைக்கும் மேல்பக்கம் ஒன்றும் இருக்கும். வீடியோவுக்கும் வாய்ஸ் ரெக்கார்டருக்கும் வேறு வேறு மைக் முன்னுரிமை பெறும். இரண்டும் தெளிவாக இருந்தால் மைக் நலம், செட்டிங்ஸ்தான் பிரச்சினை. ஒன்றில் மட்டும் மங்கலாகவோ தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலவோ கேட்டால், முதலில் கவரையும் ஸ்கிரீன் கார்டையும் கழற்றிப் பாருங்கள். துளையை ஊசியால் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். அதன் பிறகும் அப்படியே இருந்தால் சர்வீஸ் சென்டர்தான். இதற்கு மேல் எந்தச் செயலியும் உதவாது.

## என் குரல் மட்டும் இருக்கிறது, எதிர்முனையைக் காணோம்

அதிகம் பேரை அலைக்கழிப்பது இது. தீர்வு ஒவ்வொரு போனுக்கும் வேறாக இருப்பதால் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

சோதனை அழைப்பில் எதிர்முனைக்காரர் எண்ணியதில், ஸ்பீக்கர் போட்ட பிறகு வந்த 21 முதல் 30 வரையிலான எண்கள் மட்டும் கேட்கின்றனவா? அப்படியானால் செயலி எதிர்முனைக் குரலை உள்ளிருந்து எடுக்கவில்லை. காற்றில் வரும் ஒலியை மைக் வழியாகக் கேட்கிறது, அவ்வளவுதான். ஸ்பீக்கர் இல்லாதபோது அதற்குக் கேட்க எதுவும் இல்லை.

*புளூடூத், இயர்போன்.* சோதனையில் கழற்றச் சொன்னதற்குக் காரணம் இதுதான். ஹெட்செட்டில் பேசினால் எதிர்முனைக் குரல் நேராக உங்கள் காதுக்குப் போய்விடும், மைக் பக்கம் வராது. வண்டி ஓட்டும்போது பேசியவை மட்டும் பாதியாக இருக்கின்றன என்று ஒருவர் சொன்னால், கார் புளூடூத்தைத்தான் முதலில் கேட்பேன்.

*ஆடியோ சோர்ஸ்.* செயலியின் செட்டிங்ஸில் 'ஆடியோ சோர்ஸ்' அல்லது 'ரெக்கார்டிங் சோர்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கும்: மைக், வாய்ஸ் கால், வாய்ஸ் கம்யூனிகேஷன், வாய்ஸ் ரெகக்னிஷன். முதலில் 'வாய்ஸ் ரெகக்னிஷன்' வைத்து ஒரு சோதனை. ஒலியைச் செதுக்காமல் கொடுப்பதால் பல போன்களில் இதில்தான் எதிர்முனை பிடிபடும். சரிவரவில்லை என்றால் 'வாய்ஸ் கம்யூனிகேஷன்', அப்புறம் 'மைக்'. 'வாய்ஸ் கால்' என்ற பெயரைப் பார்த்து எல்லோரும் முதலில் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் போனோடு வந்த செயலிகளுக்கு மட்டுமே திறக்கும் கதவு அது. வெளிச் செயலியில் வைத்தால் பிழை காட்டும், அல்லது கோப்பு மௌனமாக வரும்.

ஒவ்வொரு சோர்ஸுக்கும் ஒரு புதிய சோதனை அழைப்பு வேண்டும். நடுவில் மாற்றினால் அந்த அழைப்புக்கு அது பொருந்தாது.

*கெயின்.* எதிர்முனை இருக்கிறது, கிசுகிசுப்பாக இருக்கிறது என்றால் 'ரெக்கார்டிங் வால்யூம்' அல்லது 'கெயின்' என்பதை ஓரிரு படி ஏற்றுங்கள். மொத்தமாக ஏற்றிவிட்டால் உங்கள் குரல் வெடித்துக் கரகரக்கும்.

*வைஃபை காலிங்.* சில போன்களில் வைஃபை வழியாகவோ 4ஜி வழியாகவோ போகும் அழைப்பில் பழைய செயலிகள் தடுமாறும். வைஃபை காலிங்கை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அதுதான் காரணம். தெரியாவிட்டால் மறுபடி ஆன் செய்துவிடுங்கள். வீட்டுக்குள் சிக்னல் குறைவாக இருப்பவர்களுக்கு அது தேவைப்படும்.

*ஸ்பீக்கர்.* மேலே சொன்ன எதுவும் பலிக்காத போனில், முக்கியமான அழைப்பு வந்தால் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசுவதே மிச்சமிருக்கும் வழி. சில செயலிகளில் 'ஆட்டோ ஸ்பீக்கர்' வசதி உண்டு; அலுவலகத்திலோ பேருந்திலோ நீங்கள் எதிர்பாராத நேரத்தில் எதிர்முனைக்காரர் சத்தமாகப் பேச ஆரம்பித்துவிடுவார், கவனம். இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குத் திரும்பிப் போகாமல் தடுக்கப் போனிலேயே எதிரொலி நீக்கம் ஒன்று ஓடும். நீங்கள் பதிவுசெய்ய விரும்பும் குரலையே அது அழிக்கப் பார்க்கும். ஸ்பீக்கர் போட்டும் எதிர்முனை விட்டுவிட்டுக் கேட்பது இதனால்தான்.

இதற்கு எனக்குப் பிடித்த தீர்வு, வீட்டில் இருக்கும் இன்னொரு போன். பேசும் போனில் ஸ்பீக்கரைப் போட்டு, ஒரு சாண் தள்ளி இரண்டாவது போனை வைத்து, அதிலுள்ள சாதாரண வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிடுங்கள். அந்தப் போனில் கால் எதுவும் நடக்கவில்லை, அதனால் எந்தத் தடையும் கிடையாது, எதிரொலி நீக்கமும் கிடையாது. பார்க்கப் பட்டிக்காட்டு வேலைபோலத் தோன்றும். ஆனால் இலவசச் செயலிகளோடு மல்லுக்கட்டிய பிறகு பலர் வந்து சேரும் இடம் இதுதான்.

செலவு செய்யத் தயார் என்றால், காதில் மாட்டும் சிறு மைக் ஒன்று கிடைக்கிறது. காதுக்கும் போனுக்கும் இடையில் உட்கார்ந்து இரண்டு குரலையும் பிடித்து, தனி ரெக்கார்டருக்கு அனுப்பும். தினமும் பேட்டி எடுக்கிறவர்களுக்கு அது லாபம்; மாதத்துக்கு ஓரிரு அழைப்பு என்றால் வேண்டாம்.

போனை ரூட் செய்து (நிறுவனம் பூட்டிவைத்திருக்கும் முழு உரிமையைத் திறந்து), பி.சி.ஆர். (பேசிக் கால் ரெக்கார்டர்) போன்ற திறமூலச் செயலியைச் சிஸ்டம் செயலியாகப் போட்டால் இரண்டு பக்கமும் தெளிவாக வரும் என்பது உண்மை. ஆனால் ரூட் செய்த போனில் பல வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும், வாரன்டிக்கும் சிக்கல் வரும், ஒரு படி தவறினால் போன் எழுந்திருக்காது. ரெக்கார்டிங்குக்காக மட்டும் இதில் இறங்காதீர்கள். அடுத்த போன் வாங்கும்போது டயலரில் ரெக்கார்டிங் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குவது மலிவு.

## கோப்பே உருவாகவில்லை, அல்லது சில அழைப்புகள் மட்டும் பதிவாகின்றன

செயலி போட்ட முதல் நாள் எல்லாம் பதிவாகும், இரண்டு நாள் கழித்து நின்றுவிடும். இது ஏறக்குறைய எப்போதும் பேட்டரி சேமிப்பின் வேலை. போன் உங்கள் செயலியைத் தூங்கவைத்துவிட்டது; கால் வரும்போது அது விழிப்பதில்லை.

செயலியின் 'ஆப் இன்ஃபோ' பக்கத்தில் பேட்டரியை 'அன்ரெஸ்டிரிக்டட்' என்று மாற்றுங்கள். அதோடு நிற்காமல் போன் நிறுவனத்தின் தனிப் பட்டியலையும் பாருங்கள். சாம்சங்கில் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்', 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' ஆகியவற்றிலிருந்து எடுத்துவிட்டு, 'நெவர் ஸ்லீப்பிங்' பட்டியலில் சேர்க்க வேண்டும். ஷியோமியில் 'ஆட்டோஸ்டார்ட்' ஆன் ஆகவேண்டும். ஓப்போ, ரியல்மி, விவோ போன்களில் 'ஆட்டோ லான்ச்' அல்லது பின்னணியில் இயங்க அனுமதி என்ற பெயரில் இருக்கும். சமீபத்தில் திறந்த செயலிகளின் திரையில் எல்லாவற்றையும் தள்ளி மூடும் பழக்கம் இருந்தால், ரெக்கார்டர் செயலியை மட்டும் பூட்டுக் குறி போட்டு விட்டுவையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சில அழைப்புகள் மட்டும் விடுபட்டால், செயலியின் வடிகட்டியைப் பாருங்கள். 'தெரியாத எண்கள் மட்டும்', 'காண்டாக்டில் இல்லாதவை மட்டும்' என்று ஏதாவது தேர்வாகி இருக்கும். இலவசப் பதிப்பில் ஒரு அளவுக்கு மேல் பதிவு நின்றுவிடும் செயலிகளும் உண்டு. எல்லாக் கோப்புகளும் ஒரே நீளத்தில் நிற்கின்றன என்றால் கோளாறு அல்ல, காசு கேட்கிறது.

வாட்ஸ்ஆப் போன்ற இணைய அழைப்புகள் பதிவாகவில்லை என்றால் அது வேறு கணக்கு. பெரும்பாலான இலவசச் செயலிகள் சிம் அழைப்பை மட்டுமே பார்க்கும். கூகுள் டயலரில் ஹோல்டில் இருக்கும்போதும் கான்ஃபரன்ஸ் அழைப்பிலும் பதிவு செய்ய முடியாது. அது அப்படித்தான், தேடி மினக்கெட வேண்டாம்.

## அக்செசிபிலிட்டி சுவிட்ச் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது

பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து போட்ட செயலி என்றால், ஆண்ட்ராய்டு 13 முதல் அந்தச் சுவிட்சைத் தொட்டாலே 'ரெஸ்டிரிக்டட் செட்டிங்' என்று ஒரு பெட்டி வரும். வரிசை முக்கியம்: முதலில் சுவிட்சைத் தொட்டு அந்தப் பெட்டியை வரவழையுங்கள், மூடுங்கள். பிறகு செயலியின் 'ஆப் இன்ஃபோ' பக்கம் போய், வலது மேல் மூலையில் மூன்று புள்ளியைத் தொட்டால் 'அலவ் ரெஸ்டிரிக்டட் செட்டிங்ஸ்' இருக்கும். தொட்டுப் பார்க்காமல் நேராக அங்கே போனால் அந்த வரி பெரும்பாலும் இருக்காது. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒரு நிமிடம். அக்செசிபிலிட்டி என்பது உங்கள் திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் செயலிக்குக் கொடுக்கும் சாவி. ஓ.டி.பி. திருடும் மோசடிச் செயலிகள் கேட்பதும் இதே சாவியைத்தான். தயாரித்தவரின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும், யாரோ அனுப்பிய ஏ.பி.கே. கோப்பிலிருந்தும் (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு), இதைப் போடாதீர்கள். கால் ரெக்கார்டிங்குக்குச் சம்பந்தமில்லாமல் எஸ்.எம்.எஸ். அனுமதியும் சேர்த்துக் கேட்டால் அங்கேயே அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

செயலி போட்ட பிறகு வங்கிச் செயலி திறக்க மறுக்கிறதா? இந்தச் சுவிட்சைப் பார்த்துத்தான் மறுக்கிறது. அணைத்தால் திறக்கும். இரண்டையும் ஒரே போனில் வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் ரெக்கார்டரை விட்டுவிடுவதே என் யோசனை.

## யார் பேசியது என்றே தெரியவில்லை, எல்லாம் 'அன்னோன்'

கால் லாக் அனுமதியை யாருக்குக் கொடுக்கலாம் என்பதைப் பிளே ஸ்டோர் 2019-ல் இறுக்கிவிட்டது. அதனால் பல ரெக்கார்டர்கள் எண்ணைப் பார்க்க முடியாமல், தேதியை மட்டும் பெயராக வைக்கின்றன. காண்டாக்ட்ஸ், போன் அனுமதிகளைக் கொடுத்துப் பாருங்கள். தீரவில்லை என்றால் டயலரும் ரெக்கார்டரும் ஒன்றாக உள்ள செயலியைப் போட்டு, அதை இயல்பு டயலராக வையுங்கள். அதுவும் வேண்டாம் என்றால், கோப்பின் நேரத்தைக் கால் லாக்கோடு ஒப்பிட்டு முக்கியமானவற்றுக்கு அன்றே பெயர் மாற்றிவிடுங்கள்.

## கீச்சுக்குரல், இழுவைக்குரல், கரகரப்பு

பதிவு குழந்தைக் குரல்போல வேகமாக ஓடுகிறது, அல்லது தூக்கத்தில் பேசுவதுபோல இழுக்கிறது என்றால் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்) பொருந்தவில்லை. செயலியின் செட்டிங்ஸில் 44,100 இருந்தால் 16,000 அல்லது 8,000-க்கு மாற்றுங்கள், அல்லது எதிர்த்திசையில். கோப்பு வடிவத்தை எம்4ஏ-யிலிருந்து வேவ்-க்கு மாற்றினாலும் சில போன்களில் சரியாகும்.

கரகரப்பு உங்கள் குரலில் மட்டும் என்றால் கெயின் அதிகம். இரண்டிலும் என்றால் அழைப்பின் போதே அப்படிக் கேட்டதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சிக்னல் கோளாறைப் பதிவு சரிசெய்யாது.

நல்ல தரம் வேண்டும் என்று எல்லாவற்றையும் உச்சத்தில் வைப்பதில் பயனில்லை. பழைய வகை அழைப்பில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் குரல் வரும், எச்.டி. வாய்ஸில் 7,000 வரை. 16,000 சாம்பிள் ரேட் தாராளம். 44,100-ல் வேவ் எடுத்தால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு 300 எம்.பி.க்கு மேல் போகும், 64 கே.பி.பி.எஸ். எம்4ஏ-யில் அதே பேச்சு 30 எம்.பி.க்குள் அடங்கும், ஏ.எம்.ஆர். என்ற பேச்சுக்கான வடிவத்தில் 6 எம்.பி. கூட ஆகாது. போன் நிரம்பிவிட்டது என்று வருகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

## எதிர்முனைக்காரருக்கு என் குரல் கேட்கவில்லையாம்

செயலி போட்ட பிறகு தொடங்கிய தொல்லை என்றால், கால் நடக்கும்போது மைக்குக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். ஆடியோ சோர்ஸை மாற்றிப் பாருங்கள். 'வாய்ஸ் கம்யூனிகேஷன்' இருந்தால் எடுத்துவிடுங்கள். நிற்கவில்லை என்றால் செயலியை நீக்கிவிட்டு ஒரு அழைப்பு போடுங்கள். நீக்கிய பிறகும் கேட்கவில்லை என்றால் ரெக்கார்டருக்குச் சம்பந்தமில்லை. முன்பு சொன்ன மைக் சோதனைக்குப் போங்கள்.

## 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்ற அறிவிப்பு அவர்களுக்குக் கேட்கிறது

கோளாறு அல்ல. கூகுள் டயலரும் ஐபோனும் வேண்டுமென்றே அப்படிச் செய்கின்றன. அதை அணைக்கும் குறுக்குவழிகளை நான் யாருக்கும் செய்துகொடுப்பதில்லை. பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும் என்று சில நாடுகளின் சட்டம் சொல்கிறது, எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்று வேறு சில. அமெரிக்காவிலேயே கூட்டாட்சிச் சட்டம் முதல் வகை, கலிஃபோர்னியா இரண்டாம் வகை. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு இல்லாத செயலி என்றால் நீங்களே வாயால் சொல்லிவிடுவது நல்லது. பதிவை வழக்கில் காட்டும் எண்ணம் இருந்தால் முதலில் வக்கீலைக் கேட்டுவிட்டுப் பிறகு ரெக்கார்டு செய்யுங்கள்.

## ஐபோனில் பொத்தானே இல்லை

2024 அக்டோபரில் வந்த ஐ.ஓ.எஸ். 18.1 முதல் போனிலேயே இந்த வசதி உண்டு. அதற்கு முந்தையது ஓடினால் அப்டேட் செய்யுங்கள். அப்டேட் செய்த பிறகும் கால் திரையில் பொத்தான் இல்லை என்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ், போன், 'கால் ரெக்கார்டிங்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரியே இல்லை என்றால் உங்கள் நாட்டில் வசதி திறக்கப்படவில்லை. உதாரணமாக, வெளியானபோது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குக் கொடுக்கவில்லை. பதிவுகள் 'நோட்ஸ்' செயலியில் தனிக் கோப்புறையில் இருக்கும். குரல் செயலிகளில் தேடிவிட்டு 'காணோம்' என்று சொல்கிறவர்கள் அதிகம்.

ஆப் ஸ்டோரில் உள்ள ரெக்கார்டர் செயலிகளால் ஐபோன் அழைப்பை நேரடியாகத் தொடவே முடியாது. அவை உங்கள் அழைப்பில் மூன்றாவது ஆளாக ஒரு எண்ணைச் சேர்த்து, அந்த எண்ணின் முனையில் பதிவு செய்கின்றன. 'மெர்ஜ்' பொத்தான் மங்கலாக இருந்தால் செயலியை நோண்டாதீர்கள். உங்கள் சிம்மில் கான்ஃபரன்ஸ் வசதி இல்லை, சிம் நிறுவனத்திடம் கேளுங்கள். உங்கள் பேச்சு வேறொருவரின் சர்வரில் போய் உட்காருகிறது என்பதையும், 'இலவசம்' என்பது பெரும்பாலும் சில நாள் சோதனைக் காலம் மட்டுமே என்பதையும் பார்த்துக்கொண்டு போடுங்கள்.

## பதிவு இருந்தது, இப்போது திறக்கவில்லை அல்லது காணவில்லை

*திறக்கவில்லை.* கோப்பின் அளவு பூஜ்யமாக இருந்தால் உள்ளே எதுவும் இல்லை, விட்டுவிடுங்கள். அளவு இருந்தும் திறக்காத எம்4ஏ என்றால், பேச்சு முடியும் முன் போன் அணைந்தோ செயலி கொல்லப்பட்டோ கடைசிக் குறிப்பு எழுதப்படாமல் போயிருக்கும். வி.எல்.சி. பிளேயரில் ஒருமுறை திறந்து பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால், அதே போனில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்துப் பழுதுபார்க்கும் மென்பொருள்கள் கணினியில் உண்டு. மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் மட்டும் முயலுங்கள். அடிக்கடி இப்படி ஆகிறது என்றால் வடிவத்தை ஏ.எம்.ஆர். அல்லது வேவ் ஆக மாற்றுங்கள். பாதியில் நின்றாலும் அதுவரை உள்ளது பெரும்பாலும் மிஞ்சும்.

*காணவில்லை.* மியூசிக் பிளேயரில் தேடாதீர்கள், பல செயலிகள் வேண்டுமென்றே அங்கே தெரியாதபடி வைக்கும். சாம்சங்கில் 'ரெக்கார்டிங்ஸ்' கோப்புறைக்குள் 'கால்' என்று இருக்கும். பழைய ஷியோமியில் 'எம்.ஐ.யு.ஐ.', 'சவுண்ட் ரெக்கார்டர்', 'கால் ரெக்' என்று உள்ளே போக வேண்டும். கூகுள் டயலரின் பதிவுகளைக் கோப்பாகத் தேடாமல், ரீசன்ட்ஸில் அந்த எண்ணைத் தொட்டுக் கேளுங்கள். தானாக அழிக்கும் வசதி ஆன் ஆகியிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

வெளிச் செயலிகளில் சில, பதிவுகளைத் தங்கள் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே வைக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் அந்த இடம் சாதாரண ஃபைல் மேனேஜருக்குத் தெரியாது. செயலியை அன்இன்ஸ்டால் செய்தால் பதிவுகளும் சேர்ந்தே போகும். செயலி மக்கர் செய்கிறது என்று கோபத்தில் நீக்கும் முன், உள்ளே இருக்கும் 'எக்ஸ்போர்ட்' அல்லது 'ஷேர்' மூலம் வேண்டியவற்றைக் கூகுள் டிரைவுக்கோ கணினிக்கோ அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள்.

ஏற்கெனவே அழிந்துவிட்டதா? முதலில் செயலியின் குப்பைத்தொட்டி, பிறகு ஃபைல் மேனேஜரின் குப்பைத்தொட்டி, அப்புறம் டிரைவ் பேக்கப். மூன்றிலும் இல்லை, கோப்பு போனின் உள் நினைவகத்தில் இருந்தது என்றால், இன்றைய போன்களில் அதை மீட்பது ஏறக்குறைய முடியாது. உள்ளே எல்லாம் என்கிரிப்ட் ஆகி (சாவியில்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கப்பட்டு) இருப்பதால், 'நிச்சயம் மீட்டுத் தருகிறோம்' என்று முன்பணம் கேட்கும் செயலிகளையும் ஆட்களையும் நம்பாதீர்கள். மெமரி கார்டில் இருந்தது என்றால் கதை வேறு. கார்டை உடனே கழற்றுங்கள், அதில் புதிதாக ஒரு படம்கூட எழுதவிடாதீர்கள், 'ஃபார்மேட் செய்யவா' என்று போன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சாதாரணப் பதிவு என்றால் கணினியில் இலவச மீட்பு மென்பொருள் ஒன்றை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். வழக்குக்கோ பணத் தகராறுக்கோ வேண்டிய பதிவு என்றால் அதையும் ஓட்டாமல், கழற்றிய கார்டை அப்படியே தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள்.